தர்பூசணி: தண்ணீர்க் குடமாக இருந்த கதை

வெயில் ஏற ஏற கருங்கல் போகிற சாலை ஓரமெல்லாம் தர்பூசணிக் குவியல் வந்துவிடும். "அண்ணே, நல்லா பழுத்ததா பாத்து குடுங்க" என்று சொல்லிவிட்டு நாம் சும்மா நிற்போம். அவர் இரண்டு பழத்தைத் தட்டிப் பார்த்து மூன்றாவதை எடுத்துத் தருவார். ஏன் அந்த மூன்றாவது? நாம் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

ஆனால் வீட்டு முற்றத்தில் நாமே விதை போட்டுக் காய் பிடித்துவிட்டால் தட்டிப் பார்த்துத் தர ஆள் கிடையாது. எங்கள் இனயம் (2016ல் துறைமுகத் திட்டம் என்று பத்திரிகையில் அடிபட்டதே, அதே இனயம்தான்) கடற்கரை மணல் பூமி. தென்னைக்கு நல்ல இடம். தர்பூசணி யாரும் தோட்டமாகப் போடுவதில்லை, லாரியில் வருவதுதான். போன கோடையில் பக்கத்து வீட்டு மாமா ஆசைக்கு நாலு கொடி விட்டிருந்தார். காய் பெருத்ததும் தெருவே கூடி நின்று விவாதம். "இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டு" என்று ஒருவர், "பறிச்சு வைக்கோல்ல வச்சா பழுக்கும்" என்று இன்னொருவர். எது சரி என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. தேடிய இடமோ ஆப்பிரிக்கா வரை நீண்டுவிட்டது!

முதலில் ஒரு கேள்வி. மனிதன் எதற்காகத் தர்பூசணியை வளர்க்க ஆரம்பித்தான்? இனிப்புக்காக என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஆதியில் அந்தப் பழத்தில் இனிப்பே கிடையாது. லிபியாவின் பாலைவனத்தில் உவான் முஹுகியாக் என்ற இடத்தில் சுமார் 6000 ஆண்டு பழமையான விதைகள் கிடைத்துள்ளன. 2022ல் வெளிவந்த மரபணு ஆய்வு, அந்தப் பழத்தின் சதை வெளுப்பாகவும் கசப்பாகவும் இருந்திருக்கும் என்று சொல்கிறது. விதைகளில் பல் பட்ட தடம் இருக்கிறது. அதாவது சதையைத் தள்ளிவிட்டு விதையைக் கடித்துத் தின்றிருக்கிறார்கள். நாம் இன்று செய்வதற்கு நேர் எதிர்.

கசப்பில்லாத தர்பூசணிக்கு மிக நெருங்கிய சொந்தம் சூடான் நாட்டின் கொர்டோஃபான் பகுதியில் விளைகிறது என்று 2021ல் கண்டுபிடித்தார்கள். அதன் சதையும் வெள்ளைதான், ஆனால் கசக்காது. சூடானிலிருந்து நைல் நதியோடு கீழே வந்தால் எகிப்து. அங்கே சுமார் 4300 ஆண்டுக்கு முந்திய ஒரு கல்லறைச் சுவரில், தட்டில் வைத்த நீள்வட்டமான வரிப்பழம் ஒன்று வரையப்பட்டிருக்கிறது. 1922ல் திறக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையிலும் தர்பூசணி விதைகள் இருந்தன. இறந்தவருக்கு எதற்குத் தர்பூசணி? இந்தப் பழத்தின் வரலாற்றையே வாழ்நாள் வேலையாக ஆராய்ந்த ஹாரி பாரிஸ் என்பவர் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. மறுமைக்குப் போகும் வழி நீளம், குடிக்கத் தண்ணீர் வேண்டும். குடத்துத் தண்ணீர் கெட்டுவிடும், ஆவியாகிவிடும். முழுப் பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் நிழலில் வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும்.

தர்பூசணியில் 100க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் அதைப் 'பாத்திரம்' என்று யோசித்துப் பார்த்ததில்லை. பாலைவனத்துக்காரனுக்கு அது தானாக முளைக்கும் பாத்திரம். கடலும் ஒரு வகையில் பாலைவனம்தானே, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது. வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கப் போகிற வீடுகளில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கலஹாரி பாலைவனத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 'சம்மா' என்ற காட்டுப்பழம் இருக்கிறது. அங்குள்ள சான் மக்களுக்கு மாதக்கணக்கில் அதுதான் தண்ணீர். 1857ல் வந்த தன் பயண நூலில் டேவிட் லிவிங்ஸ்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மழை நன்றாகப் பெய்த வருஷம் நிலமெல்லாம் இந்தப் பழமாகக் கிடக்குமாம். யானை, காண்டாமிருகம், ஏன், சிங்கம் கூடத் தின்னுமாம். சிக்கல் என்னவென்றால் இனிப்பானதும் கசப்பானதும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மக்கள் என்ன செய்தார்கள்? கையில் சின்னக் கோடாலி. ஒவ்வொரு பழத்திலும் ஒரு கொத்து, கொத்திய இடத்தில் நாக்கை வைத்து ஒரு சோதனை. நம் கடைக்காரர் முக்கோணமாக வெட்டி ஒரு துண்டை நீட்டுகிறாரே, அதன் முன்னோடி இதுதான் போல.

நம் ஊரிலும் கசப்புச் சொந்தக்காரன் உண்டு. தென் மாவட்டங்களின் வறண்ட மணலில் படரும் ஆற்றுத்தும்மட்டி, பேய்க்குமட்டி என்கிறோமே, அது தர்பூசணிக்கு ஒன்றுவிட்ட தம்பி. பார்க்கக் குட்டித் தர்பூசணி, வாயில் வைத்தால் அவ்வளவுதான்!

இனி பறிப்பதற்கு வருவோம். பறிப்பதையும் வைப்பதையும் பற்றி எனக்குக் கிடைத்த பழைய எழுத்து ஒரு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சுமார் 1800 ஆண்டுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை கொடுக்க வேண்டும், சரி. எந்த நிமிஷத்தில் ஒரு காய் 'விளைச்சல்' ஆகிறது? ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். தர்பூசணிக்கு, மேலே இருக்கும் சுணையைத் துடைத்து எடுத்ததும். அப்படித் துடைக்காவிட்டால், வைப்பிடத்தில் கொண்டு போய் வைத்ததும். இது சும்மா சட்ட நுணுக்கம் இல்லை. பிஞ்சுத் தர்பூசணியைத் தொட்டுப் பாருங்கள், மேலெல்லாம் மெல்லிய சுணை இருக்கும். முற்ற முற்ற அது உதிர்ந்து தோல் வழவழப்பாகும். வயலில் நின்றவர்கள்தான் இப்படி எழுத முடியும்.

பைபிளிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேலர், எகிப்தில் தின்றதை நினைத்து ஏங்கும் பட்டியலில் எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் தர்பூசணியைக் குறிப்பது. நம் பழைய தமிழ் பைபிளில் அது 'கொம்மட்டிக்காய்' என்று வரும். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் கேட்டிருப்போம், ஏதோ சுரைக்காய் போலும் என்று விட்டிருப்போம்.

பெயர் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'தர்பூசணி' தமிழ்ப் பெயர் மாதிரி இருக்கிறது. ஆனால் அது பாரசீகத்துத் 'தர்பூஸ்'. 'தர்' என்றால் ஈரம். தர்பூஸ் வட இந்தியா வழியாக இறங்கி வந்து நம் பூசணியோடு ஒட்டிக்கொண்டு தர்பூசணி ஆகிவிட்டது. இங்கிருந்து திருவனந்தபுரம் போனால் தண்ணிமத்தன். இன்னும் வடக்கே மலபாருக்குப் போனால் வத்தக்க. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் வத்தகப்பழம். இந்த 'வத்தக்க'வைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அரபியில் 'பித்தீக்'. போர்த்துக்கீசியத்தில் 'பட்டேக்கா', அது அரபியிலிருந்து போனது. 1563ல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலில் 'பட்டேக்கா' வருகிறது. அரபு வணிகர்கள் மலபாருக்கு வந்தது அதற்கும் பல நூற்றாண்டு முன்னால். போர்த்துக்கீசியர் நம் கரைக்கே வந்துவிட்டார்கள், 1544ல் சவேரியார் இந்தக் கடலோரக் கிராமங்களில் நடந்து திருமுழுக்குக் கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். 'வத்தக்க'வை இறக்கிவிட்டது அரபுக் கப்பலா, போர்த்துக்கீசியக் கப்பலா? என் ஓட்டு அரபுக் கப்பலுக்கு. பழம் இந்தியாவில் 7ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே பயிரானது என்கிறார்கள், கேட்க ஆள் வரும்போது பெயரும் கூடவே வந்திருக்கும். சீனாவுக்கு 10ஆம் நூற்றாண்டில் போனது. அங்கே அதன் பெயர் 'மேற்குப் பழம்'. எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

சேமிப்பின் வரலாற்றில் மன்னர்கள் நுழைந்ததும் கதை தமாஷாகிவிடுகிறது. இன்றைய உஸ்பெகிஸ்தான் பக்கத்தில் குவாரஸ்ம் என்று ஒரு நாடு. அங்கே விளைந்த பழம் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் கலீபா அல்-மாமூனுக்கும், பின்னால் அல்-வாதிக்குக்கும் போனது. எப்படி? ஈயப் பெட்டிக்குள் பனிக்கட்டி போட்டு அதற்குள் பழத்தை வைத்து! கெடாமல் வந்து சேர்ந்த ஒவ்வொன்றும் 700 திர்ஹம் பெறும் என்று அத்-தஆலிபி எழுதி வைத்திருக்கிறார். நம் ஐஸ் பெட்டி மீன் வியாபாரத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அண்ணன்.

பணக்காரருக்கு ஈயப் பெட்டி. மற்றவர்களுக்கு வெயில். 14ஆம் நூற்றாண்டில் அதே குவாரஸ்முக்குப் போன இபின் பதூதா, மேலே பச்சை, உள்ளே சிவப்பு, நல்ல இனிப்பு, கெட்டியான சதை என்று அந்த ஊர்ப் பழத்தை வர்ணிக்கிறார். அதைக் கீற்றாக வெட்டி, வெயிலில் உலர்த்தி, கூடையில் அடைத்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பினார்களாம். நாம் நெத்திலி உலர்த்துகிற அதே யோசனை! பதூதா டெல்லியில் இருந்தபோது வியாபாரிகள் வந்த சேதி கேட்டதும் ஆள் அனுப்பி இந்தப் பழக் கருவாட்டை வாங்குவாராம். அவருக்கு இது உயிர் என்று தெரிந்து சுல்தான் முகமது பின் துக்ளக்கே கொடுத்தனுப்புவாராம். இந்த பதூதாதான் பின்னால் கொல்லத்துக்கும் மதுரைக்கும் வந்தவர். மதுரையில் அவருக்கு அது கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை :-)

பழையதில் போதும், நம் காலத்துப் பழத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வருத்தமான கதை இருக்கிறது.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 19ஆம் நூற்றாண்டில் பிராட்ஃபோர்ட் என்றொரு ரகம் புகழோடு இருந்தது. அவ்வளவு இனிப்பு. ஆனால் தோல் மெத்தென்று இருக்கும், அடுக்கினால் நசுங்கிவிடும். ரயில் வந்தது. தூரத்து ஊருக்கு அனுப்பக் கெட்டித் தோல் பழம்தான் வேண்டும். 1920களின் தொடக்கத்தோடு பிராட்ஃபோர்ட் சந்தையை விட்டே போய்விட்டது. 1954ல் சார்ல்ஸ்டன் கிரே என்ற ரகம் அரசு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. நோய் தாங்கும், தோல் கெட்டி, எல்லாம் ஒரே அளவு, வண்டியில் அழகாக அடுக்கலாம். விவசாயிக்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பழத்தைத் தேர்ந்தெடுப்பதில் நாக்குக்கு முன்னால் லாரி வந்து நின்றுவிட்டது. பிராட்ஃபோர்ட் என்ன ஆனது தெரியுமா? அந்தக் குடும்பத்தார் மட்டும் வீட்டுத் தோட்டத்தில் வருஷா வருஷம் விதைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 90 வருஷம் போல, விற்பனைக்கு இல்லாமல், தாங்கள் தின்ன. 2010களில் விதை வரலாறு தேடிப் போனவர்களுக்கு அது அப்படியே கிடைத்தது.

நம் பக்கம் 1950களில் அமெரிக்காவில் வந்த சுகர் பேபி இந்தியாவுக்கும் வந்து வேரூன்றியது. கரும்பச்சை, உருண்டை, சின்னது. பெங்களூர் ஆய்வு நிறுவனத்தின் அர்க்கா மாணிக், பெரியகுளத்தின் பி.கே.எம்.1 என்று நம் ரகங்களும் வந்தன. இப்போது வயலில் பெரும்பாலும் கம்பெனிகளின் கலப்பின விதை. திண்டிவனம், மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் கோடை என்றாலே இதுதான் பயிர்.

அந்த விவசாயிகளுக்கு 2025 கோடையில் நடந்தது ஞாபகம் இருக்கும். ஊசி மூலம் சாயம் ஏற்றிய பழம் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சென்னையில் பேசியது காணொளியாகப் பரவியது. நாலே நாளில் ஜனங்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். விலை விழுந்தது. பழம் வயலிலேயே கிடந்து அழுக, விவசாயிகள் போராட்டத்துக்கு வந்தார்கள். தோட்டக்கலைத் துறை, பழத்தின் சிவப்பு இயற்கையானது, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. கொஞ்சம் யோசித்தாலே தெரியும், தர்பூசணிக்குள் குழாய் எதுவும் ஓடவில்லை, ஊசி போட்டால் சாயம் ஒரே இடத்தில்தான் தேங்கும். ஓட்டை விழுந்த பழம் வெயிலில் சீக்கிரம் அழுகிவிடும். எந்த வியாபாரி பழம் பழமாக உட்கார்ந்து ஊசி போடுவான்? ஆனால் ஒரு பழம் எப்படிச் சிவக்கிறது என்று பார்த்தே இராத நமக்கு அந்தச் செய்தியை நம்புவது சுலபமாக இருந்தது. பாவம், தை மாசம் விதைத்துச் சித்திரைக்குப் பணம் பார்க்கலாம் என்று இருந்தவர்கள்.

சரி, அந்தத் தெரு விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாமா?

"பறிச்சு வச்சா பழுக்கும்" என்றவர் கட்சி தோற்றது. வாழைக்காயில் மாவுச்சத்து இருக்கிறது, குலை வெட்டிய பிறகு அது சர்க்கரையாக மாறும். தர்பூசணியில் அப்படி மாறுவதற்குச் சேமிப்பு இல்லை. சர்க்கரை முழுக்கக் கொடியிலிருந்து வர வேண்டும். காம்பை வெட்டிய நிமிஷம் இனிப்பு எவ்வளவோ அவ்வளவுதான். பெண் பூ மலர்ந்து காய் பிடித்ததிலிருந்து 30 முதல் 40 நாள் வரை ஆகும். காய்க்கு நேர் எதிரே கணுவில் ஒரு சுருள் கம்பி இருக்குமே, கொடி பற்றிப் பிடிக்க, அது பச்சையாக இருந்தால் தொடாதீர்கள். காய்ந்து பழுப்பானால் பழம் தயார். கூடவே பழம் மணலில் பட்டுக்கிடந்த அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், வெள்ளையாக இருந்த இடம் மஞ்சளாகியிருக்க வேண்டும். மேல்தோலின் பளபளப்பும் மங்கியிருக்கும். தட்டிப் பார்ப்பது கடைசிதான். 'ணங்' என்றால் காய், 'தொம்' என்று அடங்கிய சத்தம் வந்தால் பழம். ஆனால் தட்டுவதற்குக் காது பழக வேண்டும், நூறு பழம் தட்டிய கடைக்காரர் காதும் நம் காதும் ஒன்றா? முதல் முறை வளர்ப்பவர்கள் அந்தச் சுருள் கம்பியையே நம்புங்கள்.

பறிக்கிற வாரம் தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இனிப்பு நீர்த்துப்போகும், பழம் வெடிக்கவும் செய்யும். விடிகாலையில் பறிக்க வேண்டாம். இரவெல்லாம் நீர் இழுத்துத் தோல் விறைப்பாக இருக்கும், லேசாகத் தட்டினாலே கீறும். வெயில் ஏறிய பிறகு கத்தியால், இரண்டு விரல்கிடை காம்பு விட்டு வெட்டலாம். இழுத்துப் பிய்த்தால் அந்தக் காயத்திலேயே அழுகல் தொடங்கும்.

வைப்பதற்கு எகிப்துக்காரன் சொன்ன நிழல்தான் இன்றும் சரி. 10 முதல் 15 டிகிரி குளிர்ச்சியில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். நம் ஊர் உஷ்ணத்தில் காற்றோட்டமான தரையில் ஒரு வாரம், பத்து நாள் வரும். முழுப் பழத்தை ஃப்ரிட்ஜில் திணிப்பது நல்லதில்லை. ரொம்பக் குளிர்ந்தால் தோலில் குழி விழும், நிறம் மங்கும், ருசி போகும். 2006ல் அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். 21 டிகிரியில் 14 நாள் வெளியே வைத்த பழத்தில் சிவப்பு நிறம் தரும் லைக்கோப்பீன் கூடியிருந்தது. இனிப்பு கூடாது என்றேன், சிவப்பு மட்டும் கூடும்! வெட்டிய பிறகு கதை வேறு, மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. வாழைக்குலை தொங்கும் அறையில் தர்பூசணியை வைக்காதீர்கள். பழுக்கும் வாழையிலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் தர்பூசணியின் சதை குழைந்துவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், வெட்டினால் கூழ். அதே மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம். மணல் பரப்பித் தனித்தனியாகக் கிடத்தினால் போதும், மணலுக்கா நமக்குப் பஞ்சம்?

விதை எடுத்து வைக்க நினைப்பவர்கள் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். கடையில் வாங்கிய கலப்பினப் பழத்தின் விதை முளைக்கும், ஆனால் தாய் மாதிரி காய்க்கும் என்று சொல்ல முடியாது. சுகர் பேபி, அர்க்கா மாணிக் போன்ற ரகம் என்றால், பக்கத்தில் வேறு ரகத் தர்பூசணி இல்லாத வரை, விதை அப்படியே வரும். நன்றாகப் பழுத்ததில் ஒன்றை ஒதுக்கி, விதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, ஈரம் போகாத பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மார்கழிக் கடைசியில் ஊன்றினால் இடவப்பாதி மழைக்கு முன்னால் பறித்துவிடலாம்.